கரீபியன் விடுமுறை தகுமா? நான்கு தீவுகளை எடைபோட்டுப் பார்த்தால்

டிசம்பர் நெருங்கும்போது டொராண்டோ, மான்ட்ரியல் பக்கமிருந்து வாசகர்கள் தவறாமல் கேட்பது இது: “குளிர் தாங்கவில்லை. ஒரு வாரம் கரீபியன் பக்கம் போகலாம் என்று பார்க்கிறோம். எந்தத் தீவு? கொடுக்கிற காசுக்குத் தகுமா?” சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. அங்கே கேட்பவர்கள் பெரும்பாலும் புதுமணத் தம்பதியர். இரு தரப்புக்கும் ஒரே பதிலைச் சொன்னால் யாராவது ஒருவரை ஏமாற்றியதாகிவிடும்.

கியூபாவின் மேற்கு முனையிலிருந்து டிரினிடாட் வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது இந்தத் தீவுக் கூட்டம். ஒரு தீவில் ஸ்பானிய மொழி, அடுத்ததில் பிரெஞ்சு, அதற்கடுத்ததில் ஆங்கிலம். சில எரிமலைகள் எழுப்பிய மலைத் தீவுகள், சில பவளச் சுண்ணாம்புப் பாறையால் ஆன தட்டையான தீவுகள். “கரீபியன் போனோம், பிடிக்கவில்லை” என்பவரைக் கொஞ்சம் விசாரித்தால், விடுதி மதிலுக்குள் ஏழு நாளும் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தவராக இருப்பார். அல்லது சும்மா படுத்துக் கிடக்க ஆசைப்பட்டு, கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைத்தீவில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். விடுதி வாசலைத் தாண்டி எத்தனை முறை வெளியே போவீர்கள் என்ற கேள்விக்கு வீட்டில் எல்லோரும் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

வாசகர்கள் அதிகம் குறிப்பிடும் மூன்று இடங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்: டொமினிகன் குடியரசின் புன்டா கானா, பார்படோஸ், செயின்ட் லூசியா. நான்காவதாக, அதிகம் பேர் கேட்காத குவாதலூப்பை நானாகச் சேர்த்திருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

எதை வைத்து உரசிப் பார்ப்பது?

முதலில், எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பது. டொராண்டோவிலிருந்து இந்தத் தீவுகளுக்கு நான்கரை முதல் ஐந்து மணி நேரப் பயணம். காலையில் பனியைத் தள்ளிவிட்டுப் போய் மாலையில் கடலில் கால் நனைக்கலாம். சென்னையிலிருந்தோ குறைந்தது ஒரு நாள் முழுக்க வழியிலேயே போய்விடும். அதைவிடப் பெரிய தலைவலி வழியில் விமானம் மாறும் இடம். அமெரிக்கா வழியாகப் போனால், மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அந்நாட்டு விசா வேண்டும். லண்டன் வழியாகவும் கனடா வழியாகவும் போகும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களில் பலருக்கு டிரான்சிட் விசா தேவைப்படும். தீவு விசா கேட்காமல் விட்டாலும் வழி கேட்கும்.

ஆகவே இந்தியாவிலிருந்து வெள்ளை மணலும் நீலக் கடலும் மட்டும் வேண்டும் என்றால் கரீபியன் தேவையே இல்லை. மாலத்தீவும் அந்தமானும் அதைப் பக்கத்திலேயே தருகின்றன. அங்கே கிடைக்காத ஏதோ ஒன்றுக்காகப் போகிறீர்கள் என்றால்தான் அந்த நெடும்பயணத்துக்குப் பொருள் உண்டு. அமெரிக்காவில் மகனையோ மகளையோ பார்க்க வந்திருக்கும்போது ஒரு வாரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்ல வழி. பல முறை உள்ளே வர இடம்தரும் விசா கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாதம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை உச்சம். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி டொமினிக்கா என்ற சிறு தீவு நாட்டைச் (டொமினிகன் குடியரசு வேறு) சிதைத்தது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஐந்தாம் வகைச் சூறாவளியாக ஜமைக்காவில் கரையேறியது. பருவத் தொடக்கம் பாதுகாப்பானது என்ற கணக்கையும் 2024 ஜூலை 1 அன்று பெரில் உடைத்தது. கிரெனடாவின் காரியாக்கூ தீவு அன்று தரைமட்டமானது. பள்ளி விடுமுறை காரணமாக ஆகஸ்ட், செப்டம்பரில்தான் போக முடியும் என்றால் இந்த நான்கையும் விட்டுவிட்டு, வெனிசுலா கரைக்கு அருகே உள்ள அரூபா, குராசாவ் பக்கம் பாருங்கள். சூறாவளிகள் அங்கே அபூர்வம். ஆனால் பசுமையும் அபூர்வம். கள்ளிச்செடியும் ஓயாத காற்றும்தான்.

மூன்றாவது, எந்தக் கரை என்பது. விளம்பரப் படங்களில் இது தெரியாது. ஒரே தீவில் மேற்குக் கரை குளம் போலவும், அட்லாண்டிக்கைப் பார்க்கும் கிழக்குக் கரை ஆளை இழுத்துக்கொண்டு போகும் அலையோடும் இருக்கும். 2011 முதல் பெருகிவரும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியும் பெரும்பாலும் அந்தக் கிழக்குக் கரைகளில்தான் ஒதுங்குகிறது. ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதன் காலம். அழுகினால் கெட்ட முட்டை நாற்றம். வெயிற்காலத் தள்ளுபடி விலையைப் பார்த்ததும் பாய்கிறவர்கள் இதையும் விசாரித்துவிட்டுப் பாய்வது நல்லது.

நான்காவது சாப்பாடு. ஐந்தாவது, வெளியே சுற்ற என்ன வழி என்பது. இவற்றைத் தீவு வாரியாகச் சொல்வதே எளிது.

| | புன்டா கானா | பார்படோஸ் | செயின்ட் லூசியா | குவாதலூப் |
|---|---|---|---|---|
| மொழி | ஸ்பானியம் | ஆங்கிலம் | ஆங்கிலம், கிரியோல் | பிரெஞ்சு, கிரியோல் |
| பணம் | பெசோ; டாலரும் செல்லும் | 2 பார்படோஸ் டாலர் = 1 அமெரிக்க டாலர் | 2.70 கிழக்குக் கரீபியன் டாலர் = 1 அமெரிக்க டாலர் | யூரோ |
| நீந்தக் கடல் | பவாரோ கடற்கரை சுமார். பயாஹிபே கடற்கரை அமைதி | மேற்கில் அருமை | மேற்கில் நன்று | சாந்த் ஆன் பக்கம் அருமை |
| வெளியே சுற்ற | விடுதி வழிச் சுற்றுலா | அரசு பஸ், வேன் | டாக்சி, படகு | சொந்தமாக ஓட்டும் வாடகைக் கார் |
| சைவருக்கு | பஃபேயில் சமாளிக்கலாம் | சிரமமில்லை | நடுத்தரம் | சிரமம் |
| பெரிய மறைசெலவு | கூடுதல் சுற்றுலாக்கள் | உணவகமும் மளிகையும் | விமான நிலைய டாக்சி | கார் |

புன்டா கானா: எதையும் யோசிக்க விரும்பாதவர்களுக்கு

விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடி, விமான நிலையத்திலிருந்து பஸ் எல்லாம் ஒரே விலையில். கைக்குழந்தையோடும் பாட்டியோடும் போகிற பெரிய குடும்பத்துக்கு இதைவிடத் தொல்லை குறைந்த ஏற்பாடு கிடையாது. யாருக்கு எப்போது பசித்தாலும் ஏதாவது இருக்கும். யார் பில் கட்டுவது என்ற இழுபறி இல்லை. கனடாவிலிருந்து கணக்கிட்டால் நான்கிலும் இதுதான் பெரும்பாலும் மலிவு.

ஆனால் பேக்கேஜில் “எல்லாம் அடக்கம்” என்பதற்கு எல்லை உண்டு. பஃபே தவிர்த்த உணவகங்களுக்கு முன்பதிவு வேண்டும். சில உணவு வகைகளுக்கும் மசாஜுக்கும் தனிக் கட்டணம். வந்த மறுநாள் காலை “இலவச அன்பளிப்பு தருகிறோம், அரை மணி நேரம் உட்காருங்கள்” என்று ஒருவர் சிரித்த முகத்தோடு வருவார். அது விடுமுறைக் கழக உறுப்பினர் பதவியை விற்கும் கூட்டம். அரை மணி நேரத்தில் யாரும் எழுந்து வந்ததில்லை. சாவோனா தீவுக்குப் படகில் போவது, குகைக் குளத்தில் குளிப்பது என்று குடும்பத்தோடு இரண்டு சுற்றுலா போனால் மலிவு என்று நினைத்த கணக்கு மாறிவிடும். மதிலுக்கு வெளியே சாப்பிட்டால் 18 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் பில்லில் ஏறும்.

பெயரைப் பார்த்துப் பதிவு செய்யாமல் வரைபடத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். புன்டா கானா என்று விற்கப்படும் சில விடுதிகள் வடக்கே ஊவேரோ ஆல்தோவில் இருக்கின்றன. அங்கே அலை முரட்டுத்தனமானது. குழந்தைகள் நீந்த வேண்டும் என்றால், விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கரீபியன் கடலைப் பார்த்த பயாஹிபே மேல். கடற்பாசித் தொல்லையும் அங்கே குறைவு.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோறும் அவரை விதைக் குழம்பும் எங்கும் கிடைக்கும், ஆனால் அந்தக் குழம்பில் இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கம். கேட்டுவிட்டு எடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தாலும் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் விசாக்களில் ஒன்று செல்லுபடியாக இருந்தால் டொமினிகன் விசா தனியாக வேண்டியதில்லை. கிளம்பும் முன் இணையத்தில் நிரப்பும் நுழைவுப் படிவம் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

மதிலுக்குள் இருந்துவிட்டு டொமினிகன் குடியரசைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். அமெரிக்கக் கண்டங்களின் மிகப் பழைய பேராலயம் நிற்கும் சாந்தோ தொமிங்கோவின் பழைய நகரம் சாலை வழியே இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடியும் வரை கூனல் திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும் சமானா வளைகுடா அதைவிடத் தொலைவு. இவைதாம் உங்களை இழுக்கின்றன என்றால் புன்டா கானா பேக்கேஜ் உங்களுக்கானது அல்ல. சமானாவிலோ தலைநகரிலோ தங்குங்கள்.

பார்படோஸ்: பஸ் ஏறிச் சுற்றக்கூடிய தீவு

எனக்கு வேண்டியவர்கள் முதல்முறை போவதாக இருந்தால் நான் சொல்வது இதைத்தான். நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. எங்கே தங்கினாலும் மற்ற எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். அரசின் நீல பஸ், மஞ்சள் மினி பஸ், பாட்டை அலறவிட்டுக்கொண்டு பறக்கும் வெள்ளை வேன் மூன்றிலும் தூரத்தைப் பொருட்படுத்தாத ஒரே கட்டணம். கார் எடுத்தாலும் இடப்பக்கம் ஓட்டும் நாடு. நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை தடுமாறாது. வருகையாளர் ஓட்டுநர் அனுமதிக்குத் தனிக் கட்டணம் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. சுண்ணாம்புப் பாறை வடிகட்டித் தரும் குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். தினம் தண்ணீர்ப் புட்டி வாங்கும் செலவு மிச்சம்.

மேற்குக் கரையில் ஹோல்டவுனிலிருந்து ஸ்பைட்ஸ்டவுன் வரை கடல் சலனமே இல்லாமல் கிடக்கும். விடுதி விலைகளும் அங்கேதான் வானத்தைத் தொடும். தென்கரையில் தங்கி, மேற்குக்குப் பஸ்ஸில் போய் நீந்திவிட்டு வருவது சிக்கனக்காரர் வழி; கடற்கரைகள் எல்லாம் பொதுச்சொத்து, எந்த விடுதியும் உங்களை விரட்ட முடியாது. கிழக்கே பாத்ஷீபா கண்கொள்ளாக் காட்சி, ஆனால் அலைச்சறுக்கு வீரர்களைத் தவிர யாரும் இறங்கக் கூடாத கடல்.

கிரிக்கெட் பித்து உள்ள வீடு என்றால் பேச்சே தேவையில்லை. 2024 ஜூன் 29 அன்று இந்தியா தென்னாப்பிரிக்காவை 7 ரன்களில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையைத் தூக்கியது பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவலில். 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ஸ்குவாஷ் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 149 அடித்ததும், கடைசி ஓவர்கள் இருட்டில் வீசப்பட்டு இலங்கை தோற்றதும் அதே மைதானத்தில்தான். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இன்னும் அந்த இருட்டைப் பற்றி வழக்காடுகிறார்கள். மேற்கிந்திய அணியின் அந்நாள் ஜாம்பவான்கள் வாரல், வீக்ஸ், வால்காட் மூவரும் பிறந்தது இந்த மைதானத்துக்கு அக்கம்பக்கத்தில். சோபர்ஸும் இந்தத் தீவுக்காரர். ஆட்ட அட்டவணையைப் பார்த்துத் தேதி வைத்தால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பயன். ஆனால் பெரிய அணி வரும் வாரங்களில் அறை வாடகை எகிறும்.

குறை என்றால் விலைவாசி. உணவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. மளிகைக் கடையில் நின்று பில்லைப் பார்க்கும்போது கண் விரியும். உணவகங்களில் பத்து சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்துகொள்ளும். சமையலறை உள்ள அறையை எடுத்து, காலை உணவை மட்டுமாவது நீங்களே பார்த்துக்கொண்டால் தாங்கலாம். ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டித் தரும் கடைகளும், இறைச்சி தொடாத ராஸ்தஃபாரியர் என்ற சமயத்தவரின் உணவகங்களும், ஈரப்பலா, சேனை போன்ற பழகிய காய்கிழங்குகளும் இருப்பதால் சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். அசைவர்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒய்ஸ்டின்ஸ் மீன் சந்தை.

செயின்ட் லூசியா: இருவருக்கு

இரண்டு எரிமலைக் கூம்புகள் கடலிலிருந்து நேராக எழுந்து 700 மீட்டருக்கும் மேல் நிற்கின்றன. பிட்டன்கள் என்ற அந்த மலைகளை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாலத்தீவில் கிடைக்காதது என்று மேலே சொன்னேனே, அதற்கு முதல் எடுத்துக்காட்டு இது. மக்கள்தொகை இரண்டு லட்சத்தை எட்டாத இந்தத் தீவு இரண்டு நோபல் பரிசுகளையும் (பொருளாதாரத்துக்கு ஆர்தர் லூயிஸ், 1979, இலக்கியத்துக்கு டெரக் வால்காட், 1992) பெற்றிருக்கிறது.

பெரிய விமானங்கள் இறங்கும் ஹெவனோரா தென்கோடியில். விடுதிகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கும் ராட்னி பே வடகோடியில். இடையில் ஒன்றரை மணி நேர மலைப்பாதை, டாக்சிக் கட்டணம் சுருக்கென்று தைக்கும். பயண வாந்தி உள்ளவர்கள் மாத்திரையோடு ஏறுங்கள். முதுமை காரணமாக முழங்கால் வலிக்கும் அம்மா அப்பாவை இங்கே அழைத்துப் போக வேண்டாம். பிட்டன்களுக்கு அருகே உள்ள சூஃப்ரியேர் ஊர்ப் பக்கத்து விடுதிகளில் பல மலைச்சரிவில் படிக்கட்டு படிக்கட்டாக ஏறுபவை. அந்தப் பக்கத்து மணல் பெரும்பாலும் எரிமலைக் கரும்பழுப்பு. வெள்ளை மணல் எதிர்பார்த்து வந்தவர்கள் முகம் சுருங்குவார்கள்.

தேனிலவுக்கு, மலையேற்றத்துக்கு, பால்கனியில் உட்கார்ந்து பிட்டன்களைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருக்கத் தெரிந்த இருவருக்கு நான்கிலும் இதுதான் முதலிடம். குரோ பிட்டன் ஏற வழிகாட்டி கட்டாயம். அந்தக் கட்டணத்தை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவாதலூப்: நம்மவர்கள் கரையேறிய தீவு

1854 டிசம்பர் 24 அன்று ஆரேலி என்ற கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு புவான்த்-ஆ-பீத்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அடிமைமுறை 1848இல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் 42,000 பேருக்கு மேல் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வழிவந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிவுக்கு வந்தது.

இன்று அந்த வம்சத்தவர் தமிழ் பேசுவதில்லை. ஆனால் காப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரின் ஷான்ஜி பகுதியில் சாலையோரம் கோபுரத்தோடு கோயில் நிற்கிறது. மாரியம்மன் அங்கே மாலியேமின். வழிபாட்டுப் பாடல்களில் தமிழ் உயிரோடு இருக்கிறது. ஆடு பலியிடும் சடங்கும் தொடர்கிறது, அதைப் பார்க்க மனம் ஒப்பாதவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கடைதோறும் விற்கும் ‘கொலொம்போ’ப் பொடியை முகர்ந்தால் மல்லி, சீரகம், வெந்தயம், மஞ்சள் என்று நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி வாசம். கோழியிலும் ஆட்டிலும் அந்தக் குழம்பு வைப்பதுதான் அந்தத் தீவின் விருந்துச் சாப்பாடு. இதற்காக மட்டும் அல்ல. 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை (செயின்ட் லூசியாவின் ஊர்ப்பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), கார்பே அருவிகள், பவளக் கூட்டங்கள் நிறைந்த மலாந்தூர் கடல் என்று ஒரு வாரம் போதாத தீவு.

பிறகு ஏன் எல்லோருக்கும் சொல்லவில்லை? முதல் முட்டுக்கட்டை விசா. குவாதலூப் பிரான்சின் ஒரு பகுதி, ஆனால் ஷெங்கன் பரப்பில் சேராதது. பாரிசுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு இந்தியக் கடவுச்சீட்டோடு போய் இறங்க முடியாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கென்று தனி விசா கேட்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு இது உள்நாட்டுப் பயணம். கனடியக் கடவுச்சீட்டுக்கும் விசா இல்லை, மான்ட்ரியலிலிருந்து நேரடி விமானமும் உண்டு.

இரண்டாவது மொழி. விடுதி முகப்பைத் தாண்டினால் ஆங்கிலம் உதவாது. மூன்றாவது கார்; அது இல்லாமல் இந்தத் தீவில் எதுவும் நடக்காது, புவான்த்-ஆ-பீத்ர் சுற்றுவட்டாரத்தின் காலை நெரிசல் பேர்போனது. குடிநீர்க் குழாய்கள் பழுதாகி ஊருக்கு ஊர் முறைவைத்துத் தண்ணீரை நிறுத்துவது இங்கே நெடுநாள் பிரச்சினை, வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் “தொட்டி இருக்கிறதா?” என்று கேட்டே பதிவு செய்ய வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் பெரும்பாலும் அடைப்பு. சைவர்களுக்கு நான்கில் மிகக் கடினமான தீவும் இதுவே. வடை போலத் தெரியும் ‘அக்ரா’வுக்குள் கருவாட்டு மீன் இருக்கும்.

முடிவெடுக்கும்போது

மார்ச் பள்ளி விடுமுறைக்குச் சிறு குழந்தைகளோடு டொராண்டோவிலிருந்து கிளம்புகிறவர்கள் புன்டா கானாவை, முடிந்தால் பயாஹிபேயை, எடுக்கலாம். பெற்றோரும் வருகிறார்கள், தினமும் எங்காவது போய்வர வேண்டும் என்றால் பார்படோஸ். கூடுதல் செலவைத் தாங்க முடியாவிட்டால் நாள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், தீவை மாற்ற வேண்டாம். பிரான்சிலும் மான்ட்ரியலிலும் இருக்கும் தமிழர்கள் வேறெங்கு போவதற்கும் முன் குவாதலூப் போய் வரலாம். சென்னையிலிருந்து தேனிலவுக்கு வருகிறவர்கள், கையில் அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தால் செயின்ட் லூசியாவை யோசிக்கலாம், இல்லையென்றால் மாலத்தீவு.

கையிருப்பு இறுக்கமாக இருந்தால் கிறிஸ்துமஸ் வாரத்தையும் மார்ச் விடுமுறையையும் தவிருங்கள். மே முதல் பாதியில் அதே அறை கணிசமாக விலை இறங்கும். சூறாவளிக் காலமும் தொடங்கியிராது. மேற்குக் கரையாகப் பார்த்து எடுத்தால் கடற்பாசியையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஜூனுக்குப் பிறகு போவதானால் பயணக் காப்பீட்டை டிக்கெட் வாங்கும் அன்றே வாங்குங்கள். வானிலை மையம் ஒரு புயலுக்குப் பெயர் சூட்டிய பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பணம் தராது.

இன்னும் இரண்டு. கடற்கரையில் பட்டையில் சிவப்பு வளையம் தீட்டிய மரத்தைக் கண்டால் அதன் நிழலில்கூட நிற்காதீர்கள். மன்சினீல் என்ற அந்த மரத்தின் சிறிய ஆப்பிள் போன்ற காய் கடும் விஷம். மழையில் அதன் பால் சொட்டினால் தோல் கொப்பளிக்கும். பார்படோஸுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் பெட்டி கட்டும்போது ராணுவச் சீருடை போலப் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அச்சிட்ட உடைகளை, குழந்தைகளின் தொப்பி உட்பட, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பொதுமக்கள் அவற்றை அணிவது அங்கே சட்டப்படி குற்றம்.